ராணுவ வலைப்பின்னலில் ஐபிவி6 மாற்றம்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் ஐபிவி6 (இணைய முகவரி நெறிமுறையின் புதிய பதிப்பு, சுருக்கமாக வி6; பழையது ஐபிவி4, அதாவது வி4) பேச்சு தொடங்கி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. துறையின் தகவல் தலைமை அதிகாரியாக இருந்த ஜான் ஸ்டென்பிட் 2003 ஜூன் 9 தேதியிட்ட குறிப்பாணையில் 2008 நிதியாண்டுக்குள் மாற்றம் முடிய வேண்டும் என்றார். 2003 அக்டோபர் முதல் வாங்கும் கருவிகள் ஐபிவி6 தெரிந்தவையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கெடு போயிற்று, வேலை முடியவில்லை. 2014 டிசம்பரில் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் மாற்ற வேலையை மறுபடி தொடங்கச் சொல்லி அறிக்கை வைத்தது. பிறகு 2020 நவம்பரில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் விட்ட எம்-21-07 ஆணை, 2025 நிதியாண்டு முடிவதற்குள் கூட்டரசு வலைப்பின்னல்களின் ஐபி கருவிகளில் குறைந்தது 80 விழுக்காடு ஐபிவி6 மட்டும் ஓடும் நிலைக்கு வர வேண்டும் என்றது.

இந்த இழுபறியால் ஒரே கம்பியில் வி4-உம் வி6-உம் சேர்ந்து ஓடும் கலப்பு நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. கோளாறுகள் பிறப்பது அந்தக் கலப்பில். அவற்றில் பல வி6-இன் குற்றமே அல்ல. வி4 காலத்துப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்ததால் வருபவை. ஐசிஎம்பியை (வலைப்பின்னல் கருவிகள் பிழையும் நிலையும் சொல்லிக்கொள்ளும் செய்திகளை) மொத்தமாக அடைப்பது அதில் முதலாவது.

கீழே சங்கேதக் கருவி என்று வருவது ஹெய்ப் வகைக் கருவி, அதாவது ஐபி பாக்கெட்டுகளை மறைத்து அனுப்பும் பெட்டி. அதன் உட்புறம், அதாவது மறைக்காத தகவல் ஓடும் பக்கம், சிவப்பு. மறைத்த தகவல் ஓடும் வெளிப்புறம் கருப்பு. எந்தக் கருவியின் உள்ளமைப்பும் இங்கே இல்லை. வெளிப்படையான இணையத் தரங்களில் உள்ள நடத்தை மட்டும்தான்.

## முதல் ஐந்து நிமிடம்

எந்தப் புகார் வந்தாலும் பழுதான கணினியில் உட்கார்ந்து இந்த வரிசையில் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

எஃப்இ80-இல் தொடங்கும் லிங்க் லோக்கல் முகவரி (ஒரே லிங்குக்குள் மட்டும் செல்லும் முகவரி) இருக்கிறதா? இல்லையென்றால் இயங்குதளத்திலேயே வி6 அணைந்திருக்கிறது. விண்டோஸில் யாரோ ரெஜிஸ்ட்ரியில் 'டிசேபிள்டு காம்பொனென்ட்ஸ்' மதிப்பை மாற்றியிருப்பார்கள். அதை 0 ஆக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். தற்காலிகமாக வி4-க்கு முன்னுரிமை வேண்டுமானால் மதிப்பு 32 போதும். முழுதாக அணைக்கத் தேவையில்லை.

எஃப்இ80 உண்டு, 2 அல்லது 3-இல் தொடங்கும் பொது முகவரி இல்லை: பகுதி 2.

முகவரி உண்டு, ஆனால் பக்கத்தில் 'டியூப்ளிகேட்' (இரட்டை) அல்லது 'டென்டேடிவ்' (இன்னும் உறுதியாகவில்லை) என்று நிற்கிறது: பகுதி 3.

கேட்வேயின் (வெளியே போகும் வழியான ரவுட்டரின்) எஃப்இ80 முகவரிக்கு பிங் (பதில் கேட்கும் சோதனைப் பாக்கெட்) போகவில்லை: பகுதி 4. இந்த பிங்கில் முகவரிக்குப் பின்னால் விழுக்காட்டுக் குறியும் இன்டர்ஃபேஸ் பெயரும் (விண்டோஸில் அதன் எண்ணும்) சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு 'கேட்வே செத்துப்போச்சு' என்று டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு.

கேட்வே வரை சரி, தொலைவிலுள்ள சர்வருக்குச் சின்ன பிங்கும் போகிறது, 1452 பைட் பிங் மட்டும் போகவில்லை: பகுதி 1.

எல்லா பிங்கும் போகிறது, பெயர் சொல்லித் திறந்தால் தாமதம்: பகுதி 5.

'வி6-ஐ அணைத்தால் ஓடுகிறதா பார்ப்போம்' என்பது சோதனை ஆகாது. அணைத்தால் ஓடத்தான் செய்யும். எங்கே பழுது என்று அது சொல்லாது. அணைத்த கணினியைத் திரும்ப இயக்கவும் யாருக்கும் நினைவிருக்காது.

## 1. பிங் போகிறது, லாகின் பக்கம் திறக்கிறது, கோப்பு மட்டும் பாதியில் நிற்கிறது

அடிக்கடி வருவதும் அதிக நேரம் தின்பதும் இதுதான். சின்னப் பாக்கெட் எல்லாம் போகும், பெரியவை சத்தமில்லாமல் காணாமல் போகும். மின்னஞ்சல் வரும், அதன் இணைப்புக் கோப்பு வராது. ரிமோட் டெஸ்க்டாப் கறுப்புத் திரையோடு நிற்கும்.

வி4-இல் பெரிய பாக்கெட்டை நடுவழி ரவுட்டர் துண்டு போட்டு அனுப்பலாம். வி6-இல் எந்த ரவுட்டரும் துண்டு போடாது. 'பாக்கெட் பெரிது' என்ற ஐசிஎம்பிவி6 வகை 2 செய்தியை அனுப்பியவருக்குத் திருப்பி விடும். அவர்தான் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செய்தி வழியில் எங்கேயாவது அடைபட்டால் அனுப்பியவர் பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்.

சோதனை. பிங் சுமையளவு என்பது பாதையின் எம்டியுவிலிருந்து (துண்டாகாமல் போகும் மிகப் பெரிய பாக்கெட்டின் பைட் அளவிலிருந்து) 48 கழித்தது (பாக்கெட்டின் முன்னால் சேரும் வி6 தலைப்பு 40, ஐசிஎம்பி தலைப்பு 8). எம்டியு 1500 என்றால் 1452, 1400 என்றால் 1352, குறைந்தபட்சமான 1280 என்றால் 1232. முதலில் 1232 அனுப்புங்கள். அதுவே போகவில்லை என்றால் இது எம்டியு சிக்கல் அல்ல, வழியில் ஏதோ ஒரு இணைப்பு அல்லது விதி தவறு. 1232 போய் 1452 போகவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் பாதி பாதியாகக் குறைத்து எல்லையைப் பிடியுங்கள். லினக்ஸில் துண்டு போடாதே என்ற விருப்பத்தைச் சேர்த்தே பிங் செய்யுங்கள். இல்லையேல் கணினி தானே துண்டாக்கி அனுப்பி உங்களை ஏமாற்றும். ஒருமுறை தெரிந்த பாதை அளவைக் கணினி சுமார் 10 நிமிடம் நினைவில் வைத்திருக்கும். ஆகவே திருத்தம் செய்துவிட்டு உடனே சோதித்து 'மாறவில்லை' என்று முடிவுகட்ட வேண்டாம்.

காரணம், மலிவானதிலிருந்து:

*ஃபயர்வாலில் ஐசிஎம்பிவி6 அடைப்பு.* வழியிலுள்ள ஒவ்வொரு ஃபயர்வாலிலும் வகை 1, 2, 3, 4 ஆகிய நான்கும் இரு திசையிலும் போக வேண்டும். 128-ஐயும் 129-ஐயும் (பிங்) கொள்கைப்படி வையுங்கள். 133 முதல் 137 வரை ஒரே லிங்குக்குள் ஓடுபவை. அவை ஃபயர்வாலைக் கடக்க வேண்டியதில்லை, ஆனால் ஃபயர்வாலின் சொந்த இன்டர்ஃபேஸில் அவற்றை அடைத்தால் அது பக்கத்து ரவுட்டரையே பார்க்காது. 'வி4-இல் ஐசிஎம்பி அடைத்து இருபது வருஷம் ஓடியதே' என்று பாதுகாப்புப் பிரிவு கேட்டால் ஆர்எஃப்சி (இணையத் தர ஆவண வரிசை) 4890-ஐக் காட்டுங்கள். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று வகைவாரியாக அதில் இருக்கிறது.

*எம்எஸ்எஸ் அளவைத் தவறாக வைத்திருப்பது.* டன்னல் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் பாதை) ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் தலைப்புகள் போக அடங்கும் தரவின் உச்ச அளவை, கட்டுப்படுத்தும் வரி வி4-க்கு எழுதியதாகவே இருக்கும். வி4-இல் எம்டியுவிலிருந்து 40 கழிப்பார்கள், வி6-இல் 60 கழிக்க வேண்டும். எம்டியு 1400 என்றால் வி4-க்கு 1360, வி6-க்கு 1340. 1280 என்றால் 1220. இந்த 20 பைட் வித்தியாசத்துக்காக நாள்கணக்கில் தேடுவதுண்டு. எம்எஸ்எஸ் திருத்தம் டிசிபிக்கு மட்டும்தான் உதவும். யுடிபியில் ஓடும் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு முகவரி சொல்லும் சேவையில்) விடை அளவின் உச்சவரம்பை 1232 என்று சர்வரில் தனியாக வையுங்கள்.

*சங்கேதக் கருவி.* இதுதான் ராணுவ வலைப்பின்னலுக்கே உரிய வில்லங்கம். சிவப்புப் பக்கத்திலிருந்து 1500 பைட் பாக்கெட் வருகிறது. கருவி அதை மறைத்து, வெளியே இன்னொரு வி6 தலைப்பு (40 பைட்), இஎஸ்பி (ஐபி பாக்கெட்டை மறைக்கும் நெறிமுறை) தலைப்பு, நிரப்பு, சரிபார்ப்பு எல்லாம் சேர்க்கிறது. இஎஸ்பி டன்னலில் கூடுதல் சுமை பொதுவாக 75 முதல் 100 பைட் வரை வரும். அமைப்பைப் பொறுத்து இன்னும் கூடலாம். கருப்புப் பக்க ரவுட்டர் 'பாக்கெட் பெரிது' என்று சொன்னாலும் கருப்பிலிருந்து சிவப்புக்கு எந்தச் செய்தியும் தன்னிச்சையாகக் கடக்கக் கூடாது என்பதே கருவியின் கொள்கை. ஆகவே சிவப்புப் பக்கக் கணினிக்கு அது தெரியவே தெரியாது. இதை ஃபயர்வால் விதி கொண்டு சரிசெய்ய முடியாது. சிவப்புப் பக்க ரவுட்டரில், கருவியைப் பார்க்கும் இன்டர்ஃபேஸின் எம்டியுவை முன்கூட்டியே குறையுங்கள். கருப்புப் பாதை 1500 என்றால் 1380 பாதுகாப்பான தொடக்கம். சாட்டிலைட் குறுக்கிட்டால் 1280-க்கே போய்விடுங்கள். அப்போது 'பாக்கெட் பெரிது' செய்தியைச் சிவப்புப் பக்க ரவுட்டரே அனுப்பும். கருவியைத் தாண்ட வேண்டிய தேவை இராது.

எப்போது நிறுத்துவது. சிவப்பு எம்டியு 1280 வைத்தும் சரியாகவில்லை என்றால் கருவியின் அமைப்பைத் தொட வேண்டியிருக்கும். அது காம்செக் (சங்கேதத் தகவல் பாதுகாப்பு) பொறுப்பாளரின் வேலை. மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் கருவி தன் சாவிகளை அழித்துக்கொள்ளும், அதற்குப் பின் ஒரு தளமே சாவி வரும்வரை காத்திருக்கும். பழைய கருவிகளில் சில வி4 மட்டும் அறிந்தவை. அவற்றை மாற்றுவதைத் தவிர வழியில்லை. இந்தப் பட்டியலிலேயே செலவு பிடிக்கும் வேலை அதுதான்.

## 2. எஃப்இ80 மட்டும் இருக்கிறது, பொது முகவரி வரவில்லை

வயர்ஷார்க் (பாக்கெட் பிடித்துக் காட்டும் மென்பொருள்) வைத்து ஐசிஎம்பிவி6 வகை 134, அதாவது ரவுட்டர் அறிவிப்பு, வருகிறதா பாருங்கள். இயல்பு அமைப்பில் அறிவிப்புகளின் இடைவெளி 10 நிமிடம் வரை போகலாம் என்பதால் கேபிளை எடுத்துச் செருகுங்கள். கணினி வகை 133 கேள்வியை அனுப்பும், சில விநாடியில் பதில் வர வேண்டும்.

அறிவிப்பே வரவில்லை. ரவுட்டரில் இன்டர்ஃபேஸுக்கு முகவரி கொடுத்துவிட்டு வி6 ரவுட்டிங்கை இயக்க மறந்திருப்பார்கள். சிஸ்கோவில் 'ஐபிவி6 யூனிகாஸ்ட் ரவுட்டிங்' என்ற ஒரு வரி இல்லையென்றால் பெட்டி ரவுட்டர் போல அறிவிக்காது. அந்த வரி இருந்தால் அடுத்து ஸ்விட்சைப் பாருங்கள்: ரவுட்டர் இருக்கும் போர்ட்டிலேயே ஆர்ஏ கார்டு (ரவுட்டர் அறிவிப்பைத் தடுக்கும் அமைப்பு) போட்டு அறிவிப்பைக் கொன்றிருப்பார்கள். பாதுகாப்பு அமைப்புகளை எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே ஸ்கிரிப்டில் ஏற்றினால் இப்படி ஆகும்.

அறிவிப்பு வருகிறது, முகவரி உருவாகவில்லை. அறிவிப்பைப் பிரித்துப் பாருங்கள். பிரிஃபிக்ஸ் (லிங்குக்குப் பொதுவான முகவரி முன்பகுதி) நீளம் 64 தானா? 'முகவரி மிச்சம் பிடிக்கிறோம்' என்று 112 அல்லது 120 வைத்தால் தானியங்கி முகவரி உருவாகாது. 'ஏ' கொடி (தானே முகவரி அமை) அணைந்து 'எம்' கொடி (சர்வரிடம் வாங்கு) எரிந்தால் முகவரி டிஹெச்சிபிவி6, அதாவது முகவரி வழங்கும் சர்வர், வழியாகத்தான் வரும். ரவுட்டரில் ரிலே வரி (கேள்வியை அந்தச் சர்வருக்குக் கடத்தும் அமைப்பு) இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டு கருவிகள் டிஹெச்சிபிவி6-இல் தனி முகவரி வாங்காது. ஏடிஏகே வரைபடச் செயலி ஓடும் போன்கள் சேரும் விலானில் (ஸ்விட்சில் பிரித்த தனி வலைப்பின்னலில்) 'ஏ' கொடியை எரிய விடுங்கள்.

லினக்ஸ் சர்வர் மட்டும் கேட்கவில்லை. அதில் ஃபார்வர்டிங் (பாக்கெட்டைக் கடத்திவிடும் ரவுட்டர் வேலை) இயக்கியிருக்கும். அந்நிலையில் 'அக்செப்ட் ஆர்ஏ' மதிப்பு 1 போதாது, 2 வேண்டும்.

## 3. முகவரி வந்தது, 'டியூப்ளிகேட்' என்று முடங்கியது

முகவரியைப் பயன்படுத்தும் முன் கணினி 'இது வேறு யாரிடமாவது இருக்கிறதா' என்று ஒருமுறை கேட்கும். பதில் வந்தால் முகவரியை விட்டுவிடும். இரட்டை என்று காட்டும் இடத்தில் இரண்டாவது ஆள் உண்மையில் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி.

தளத்தில், கணினிகளில் வந்தால் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு மடிக்கணினிக்கு ஒரே டிஸ்க் இமேஜை நகலெடுத்து ஏற்றியிருப்பார்கள். டிஹெச்சிபிவி6 சர்வர் கணினியை அடையாளம் காண்பது வன்பொருள் முகவரியால் அல்ல, டியுஐடி என்ற அடையாள எண்ணால். இமேஜ் எடுக்கும் முன் டியுஐடியை அழிக்காவிட்டால் நூறு பேரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள், ஒரே முகவரியை வாங்குவார்கள். சர்வரின் லீஸ் பட்டியலில் ஒரே டியுஐடிக்கு எதிரே வன்பொருள் முகவரி மாறிக்கொண்டே இருந்தால் சந்தேகமே வேண்டாம். விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியில் உள்ள டிஹெச்சிபிவி6 டியுஐடி மதிப்பை நீக்கி மறுதொடக்கம் செய்யுங்கள். சிஸ்டம்டி வழி வலைப்பின்னலை நடத்தும் லினக்ஸில் மெஷின் ஐடியைப் புதிதாக்குங்கள். மாஸ்டர் இமேஜையும் திருத்துங்கள். இல்லையேல் அடுத்த தொகுதியில் இதே கதை.

சாட்டிலைட் அல்லது ரேடியோ லிங்கில், ரவுட்டரில் வந்தால் பெரும்பாலும் இரண்டாவது ஆள் இல்லை. மோடம் லூப்பேக் (வந்ததை அப்படியே திருப்பிவிடும் சோதனை) நிலையில் இருக்கிறது, அல்லது அனுப்பியதைத் தானே திரும்பக் கேட்கும் லிங்க். ரவுட்டர் தன் கேள்வியைத் தானே கேட்டுவிட்டு வேறொருவர் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. மோடத்தின் லூப்பேக்கை எடுத்துவிட்டு, இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றுங்கள். லூப்பேக்கை எடுத்தால் மட்டும் போதாது. முடங்கிய முகவரி தானாக எழாது. இது அடிக்கடி வருகிற லிங்க் என்றால் ரவுட்டர் மென்பொருளில் ஆர்எஃப்சி 7527 ஆதரவு உண்டா பாருங்கள். தன் கேள்வியைத் தானே அடையாளம் காண அது ஒரு எண்ணைச் சேர்த்து அனுப்பும். அதுவும் இல்லை, லிங்கில் இரண்டே முனைதான் என்றால் அந்த இன்டர்ஃபேஸில் இரட்டைச் சோதனையின் எண்ணிக்கையை 0 ஆக்குங்கள். பல கணினி உள்ள விலானில் இதைச் செய்யாதீர்கள்.

## 4. கேபிள் செருகியதும் ஓடுகிறது, நாலு நிமிடம் கழித்துச் சாகிறது

நேரத்தைக் குறித்துப் பாருங்கள். 260 விநாடியை ஒட்டி, அதாவது 4 நிமிடம் 20 விநாடியில், சாகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்: ஸ்விட்சில் எம்எல்டி ஸ்னூப்பிங் (மல்டிகாஸ்ட் குழுவில் யார் யார் என்று கவனித்துப் பதியும் வசதி) ஓடுகிறது, ஆனால் அந்த விலானில் கேள்வி கேட்கும் குவெரியர் இல்லை.

வி6-இல் ஏஆர்பி (வி4-இல் பக்கத்துக் கணினியின் வன்பொருள் முகவரியைத் தேடும் முறை) கிடையாது. பக்கத்துக் கணினியைத் தேடும் வேலை மல்டிகாஸ்ட்டில் (ஒரு குழுவுக்கு மட்டும் அனுப்பும் முறையில்) நடக்கிறது. கணினி தொடக்கத்தில் 'இந்தக் குழுவில் நான் இருக்கிறேன்' என்று சொல்லும், ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். யாரும் மறுபடி கேட்காததால் கணினியும் மறுபடி சொல்லாது. 260 விநாடியில் ஸ்விட்ச் அந்தப் பதிவை நீக்கிவிடும். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த இரு கணினிகளுக்குள் தொடர்பு ஓடிக்கொண்டே இருக்கும், புதிய தொடர்பு மட்டும் அமையாது. புகார் சொல்பவர் 'சிலருக்கு ஓடுகிறது, சிலருக்கு ஓடவில்லை' என்று சொல்வது இதனால்தான்.

திருத்தம் செலவில்லாதது: ஸ்விட்சில் அந்த விலானுக்கு எம்எல்டி குவெரியரை இயக்குங்கள். சின்ன விலான் என்றால் ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடலாம். வீடியோ மல்டிகாஸ்ட் ஓடும் விலானில் அணைத்தால் எல்லாப் போர்ட்டும் வெள்ளக்காடாகும்.

## 5. எல்லாம் திறக்கிறது, ஆனால் இருபது விநாடி யோசித்துவிட்டுத் திறக்கிறது

டிஎன்எஸ்ஸில் சர்வருக்கு குவாட்-ஏ பதிவு (பெயருக்கு வி6 முகவரி சொல்வது) போட்டாயிற்று. சேவையோ இன்னும் வி4-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கணினி முதலில் வி6-இல் தட்டிப் பார்த்து, அலுத்துப்போய் வி4-க்கு வருகிறது. நவீன உலாவிகள் கால் விநாடியில் இரண்டாவது வழியைத் தொடங்கிவிடும் என்பதால் அவற்றில் இது தெரியாது. பழைய செயலிகளில்தான் தெரியும்: விண்டோஸில் சுமார் 21 விநாடி, லினக்ஸில் 2 நிமிடம் வரை.

சர்வரில் கேட்கும் போர்ட்களின் பட்டியலை எடுத்து, வி6 முகவரியில் அந்தச் சேவை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இருக்கச் செய்யுங்கள், அல்லது இருக்கும்வரை குவாட்-ஏ பதிவை எடுத்துவிடுங்கள். பதிவைக் கடைசியாகப் போடுவதே சரியான ஒழுங்கு. முதலில் சேவை, பிறகு ஃபயர்வால், பிறகு வெளியிலிருந்து சோதனை, அதற்குப் பிறகே டிஎன்எஸ்.

இன்னொரு காரணம் ஃபயர்வால் மறுக்கும் விதம். சத்தமில்லாமல் விழுங்காமல் மறுப்புச் செய்தி அனுப்பினால் கணினி உடனே வி4-க்கு வந்துவிடும். உள் வலைப்பின்னலில் விழுங்குவதால் பெரிய பாதுகாப்பு எதுவும் வந்துவிடாது, தாமதம்தான் மிச்சம்.

## 6. தெரியாத கேட்வே, அல்லது தடுத்த சேவை திறந்து கிடக்கிறது

கணினியில் இரண்டு கேட்வே தெரிகிறது. இணையப் பகிர்வை இயக்கிய ஏதோ மடிக்கணினி தன்னை ரவுட்டராக அறிவிக்கிறது. கேட்வேயின் எஃப்இ80 முகவரியை எடுத்து, அதன் வன்பொருள் முகவரியைப் பக்கத்துப் பட்டியலில் (பக்கத்துக் கணினிகளின் முகவரிப் பட்டியலில்) பார்த்து, ஸ்விட்சில் எந்தப் போர்ட் என்று கண்டுபிடித்துப் போர்ட்டை மூடுங்கள். பிறகு பயனர் போர்ட் எல்லாவற்றிலும் ஆர்ஏ கார்டும் டிஹெச்சிபிவி6 கார்டும். அதுவரை இடைக்கால ஏற்பாடாக உண்மையான ரவுட்டரின் அறிவிப்பு முன்னுரிமையை 'ஹை' ஆக்கிவைக்கலாம். வேண்டுமென்றே செய்கிறவரை அது தடுக்காது, அறியாமல் செய்கிறவரைத் தடுக்கும். மடிக்கணினி யாருடையது என்றே தெரியவில்லை என்றால் அது பிழை நீக்கல் அல்ல. போர்ட்டை மூடிவிட்டுச் சைபர் பாதுகாப்புப் பிரிவிடம் கொடுங்கள்.

வி4-இல் தடுத்தது வி6-இல் திறக்கிறது. ஃபயர்வாலில் இரண்டு விதிப்பட்டியல், ஒன்றை மட்டும் பராமரித்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கூடவே வெளி எல்லையில் ஐபி புரோட்டோகால் 41-ஐயும் (வி4-க்குள் வி6 டன்னல்) யுடிபி 3544-ஐயும் (டெரிடோ என்ற தானியங்கி டன்னல்) அடைத்துவிடுங்கள். நீங்களே அமைத்த டன்னல் 41-இல் ஓடினால் அதன் இரு முனை முகவரிக்கு மட்டும் விதிவிலக்கு.

## 7. வி6 மட்டும் உள்ள பிரிவில் ஒரே ஒரு செயலி ஓடவில்லை

மற்றதெல்லாம் நாட்64 (வி6 பாக்கெட்டை வி4-ஆக மாற்றும் பெட்டி) வழியாக வி4 சர்வர்களை எட்டுகிறது, ஒன்று மட்டும் எட்டவில்லை. முதலில் அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள்: சர்வர் பெயருக்குப் பதில் வி4 எண்ணை நேரடியாக எழுதியிருப்பார்கள். பெயரை எழுதினால் சரியாகிவிடும். பெயர் எழுதியும் ஓடவில்லை என்றால், அந்தக் கணினி டிஎன்எஸ்செக் கையொப்பத்தை (டிஎன்எஸ் விடை அசல் என்று காட்டுவதை) தானே சரிபார்க்கிறதா பாருங்கள். வி4 மட்டும் உள்ள பெயர்களுக்கு டிஎன்எஸ்64 சர்வர் குவாட்-ஏ பதிலைத் தானே தயாரிப்பதால் அதில் செல்லுபடியாகும் கையொப்பம் இருக்காது. சரிபார்க்கும் கணினி அதைக் கள்ளப் பதில் என்று தள்ளிவிடும். சரிபார்ப்பை டிஎன்எஸ்64 சர்வருக்கு நகர்த்துங்கள்.

10-இல் தொடங்கும் தனியார் வி4 முகவரிகளுக்கு மட்டும் போகவில்லை என்றால் பிரிஃபிக்ஸைப் பாருங்கள். 64:எஃப்எஃப்9பி::/96 என்ற பொதுப் பிரிஃபிக்ஸைத் தனியார் முகவரிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது ஆர்எஃப்சி 6052-இன் விதி. அதைக் கறாராகக் கடைப்பிடிக்கும் பெட்டிகள் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். உங்கள் சொந்த முகவரியிலிருந்து ஒரு /96 எடுத்து நாட்64-க்கும் டிஎன்எஸ்64-க்கும் கொடுங்கள்.

செயலியே வி4 சாக்கெட் மட்டும் திறக்கிறது என்றால் கணினியில் அல்லது முன்னாலுள்ள ரவுட்டரில் 464எக்ஸ்லாட் (வி4 பாக்கெட்டை வி6-ஆக மாற்றி அனுப்பும் முறை) வேண்டும். அதற்கும் மசியாத ஆயுத அமைப்பு மென்பொருள் என்றால் உற்பத்தியாளரிடம்தான் போக வேண்டும். மறுசான்றிதழ் இல்லாமல் அதில் ஒரு வரியும் மாற்ற முடியாது. அதை ஒரு தனி வி4 விலானில் ஒதுக்கிவைப்பதே நடைமுறை.

## 8. சாட்டிலைட் லிங்கில் தரவு சரி, குரல் விட்டு விட்டு வருகிறது

கணக்கைப் போடுங்கள். ஜி.729 (குரலைச் சுருக்கும் முறை) குரல், 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், சுமை 20 பைட். வி4-இல் தலைப்புகள் 40 பைட், மொத்தம் 60. விநாடிக்கு 50 பாக்கெட், 24 கிலோபிட். வி6-இல் தலைப்புகள் 60, மொத்தம் 80, 32 கிலோபிட். ஒரே குரல், மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பாதை. இது லிங்க் தலைப்பும் சங்கேதச் சுமையும் சேர்க்காத கணக்கு. 2.4 கிலோபிட் மெல்ப் (இன்னும் சுருக்கும் முறை) குரலில் நிலைமை இன்னும் வேடிக்கை: 7 பைட் பேச்சுக்கு 60 பைட் தலைப்பு. வி4 காலத்தில் எட்டுக் குரல் தாங்கிய லிங்க் இப்போது ஆறில் திணறினால் லிங்க் பழுதாகவில்லை.

முதலில் செலவில்லாததைச் செய்யுங்கள். சிஸ்கோ ரவுட்டரின் முன்னுரிமை விதியில் 'மேட்ச் ஐபி டிஎஸ்சிபி' (டிஎஸ்சிபி என்பது பாக்கெட்டில் உள்ள முன்னுரிமைக் குறி) என்று இருந்தால் அது வி4-ஐ மட்டும் பிடிக்கும். வி6 குரல் சாதாரண வரிசையில் நிற்கும். 'மேட்ச் டிஎஸ்சிபி' என்று மாற்றுங்கள், இரண்டையும் பிடிக்கும். அடுத்து, பாக்கெட் இடைவெளியை 40 மில்லி விநாடி ஆக்குங்கள்: 100 பைட், விநாடிக்கு 25, மொத்தம் 20 கிலோபிட். கூடுதல் 20 மில்லி விநாடித் தாமதம் சாட்டிலைட்டின் கால் விநாடிக்கு முன் ஒன்றுமில்லை.

தலைப்புச் சுருக்கம் (ரோஹ்க்) 60 பைட்டைச் சில பைட்டாக்கும். ஆனால் மோடத்தில் அதை இயக்கிப் பயனில்லை. மோடம் கருப்புப் பக்கம் இருக்கிறது, உள்தலைப்புகள் அதற்குத் தெரியாது. சங்கேதம் ஆவதற்கு முன்பே சுருக்க வேண்டும், அதற்குச் சங்கேதக் கருவியே ஆதரவு தர வேண்டும். டிஎஸ்சிபி மதிப்பு கருப்புப் பக்கத்துக்கு வருகிறதா என்பதும் கருவியின் கொள்கையைப் பொறுத்தது. இரண்டும் காம்செக் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியவை.

## 9. பிரிவு இடம் மாறியதும் பழைய முகவரியிலிருந்தே பேசுகிறது

வாகனம் வேறு கேட்வேயில் சேர்ந்தது, புதிய பிரிஃபிக்ஸ் வந்தது, கணினிகளோ பழைய முகவரியையும் விடாமல் வைத்திருக்கின்றன. பதில்கள் பழைய இடத்துக்குப் போய்த் தொலைகின்றன.

பழைய பிரிஃபிக்ஸை ரவுட்டரிலிருந்து சும்மா நீக்கினால் கணினிகளுக்கு அது தெரியாது. இயல்பு ஆயுள் முன்னுரிமைக்கு 7 நாள், செல்லுபடிக்கு 30 நாள். நீக்காமல், முன்னுரிமை ஆயுளை 0 ஆக்கி அறிவிக்க வேண்டும். அப்போது புதிய இணைப்புகள் புதிய முகவரியை எடுத்துக்கொள்ளும். செல்லுபடி ஆயுளை 0 என்று அனுப்பினாலும் கணினி 2 மணி நேரத்துக்குக் கீழே இறக்காது. கள்ள அறிவிப்பிலிருந்து காக்கும் ஏற்பாடு அது, பழுதல்ல. அடிக்கடி நகரும் பிரிவுகளில் முதலிலேயே முன்னுரிமை ஆயுள் 30 நிமிடம், செல்லுபடி 2 மணி என்று வைத்துவிடுங்கள்.

## 10. ரவுட்டர் சிபியு எகிறுகிறது

யாரோ /64 (ஒரு லிங்கின் எல்லா முகவரிகள்) முழுதையும் ஸ்கேன் செய்கிறார்கள், ரவுட்டர் இல்லாத முகவரிகளையெல்லாம் தேடிப் பக்கத்துப் பட்டியலை நிரப்புகிறது. பட்டியலில் 'இன்கம்ப்ளீட்' வரிகள் ஆயிரக்கணக்கில் தெரியும். உங்கள் பாதுகாப்புப் பிரிவின் ஸ்கேனராகவே இருக்கலாம், முதலில் அவர்களைக் கேளுங்கள். பட்டியலுக்கு உச்சவரம்பு வையுங்கள்; ரவுட்டருக்கு ரவுட்டர் லிங்குகளை /127 (இரண்டே முகவரி) ஆக்குங்கள்.

அதில்லை என்றால் விதிப்பட்டியல் வன்பொருள் நினைவகத்தைத் தாண்டி மென்பொருளில் ஓடுகிறது. வி6 விதி ஒன்று வி4 விதியைவிட அதிக இடம் பிடிக்கும். டிகேம் (அந்த வன்பொருள் நினைவகம்) பயன்பாட்டைப் பாருங்கள், விதிகளைத் தொகுத்துக் குறையுங்கள். அப்படியும் கொள்ளாவிட்டால் கார்டு மாற்ற வேண்டும்.

## 11. லாக்கில் (கருவிகள் எழுதிவைக்கும் பதிவில்) தேடினால் ஆள் கிடைக்கவில்லை

2001:டிபி8:0:5::20 என்பதும் 2001:0டிபி8:0000:0005:0000:0000:0000:0020 என்பதும் ஒரே முகவரி. ஒரு கருவி சுருக்கி எழுதும், இன்னொன்று விரித்து எழுதும், எழுத்துத் தேடலில் ஒன்று சிக்காது. லாக் சேகரிக்கும் இடத்தில் ஆர்எஃப்சி 5952 வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய தரவுத்தளத்தில் முகவரிப் பத்தி 15 எழுத்துதான் கொள்ளும். வி6-க்கு 39, கலப்பு வடிவத்தையும் சேர்த்தால் 45.

ஒரே ஆள் தினமும் புது முகவரியில் தெரிந்தால் அது தற்காலிக முகவரி. விண்டோஸில் குழுக் கொள்கை வழியே அதை அணையுங்கள். அணைக்க முடியாத கருவிகளுக்கு ரவுட்டரின் பக்கத்துப் பட்டியலைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துச் சேமியுங்கள். எந்த வன்பொருள் முகவரி எப்போது எந்த வி6 முகவரியில் இருந்தது என்று பிறகு சொல்ல அது ஒன்றுதான் சாட்சி.

## வெளியே உதவி கேட்கும்போது

பழுதான பாதையின் இரு முனையிலும் ஒரே நேரத்தில் எடுத்த பாக்கெட் பதிவு, கடிகாரங்கள் என்டிபி என்ற நேரச் சேவையோடு ஒத்திருக்கின்றன என்ற உறுதி, 1232-உம் 1452-உம் அனுப்பிய பிங் விடை, ரவுட்டரின் மென்பொருள் பதிப்பு, கடைசியாக மாற்றிய வரி. இந்த ஐந்தும் கையில் இருந்தால் உற்பத்தியாளரின் முதல் வாரக் கேள்விகள் மிச்சம். சிவப்புப் பக்கத்தில் எடுத்த பதிவு வெளியே போகக் கூடாது. கருப்புப் பக்கப் பதிவும் முகவரித் திட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்புங்கள்.